அணுக்களிடையே ஓர் அளவுகோல்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெரியாததைக் காண முயல்வதே அறிவியலின் நெடுங்கால வேட்கை. நுண்ணோக்கி செல்லைக் காட்டியது. எக்ஸ் கதிர் படிகத்தின் அணு அடுக்கைக் காட்டியது. இன்றைய உறைகுளிர் நுண்ணோக்கி புரதத்தின் மடிப்புகளையே காட்டுகிறது. ஆயினும், கருவி காட்டும் வடிவம் மெய்யானதுதானா என்பதை எவ்வாறு உறுதி செய்வது? அவ்வினாவிற்கு உலகம் இன்றுவரை பயன்படுத்தும் விடையொன்று, சென்னைக் கிண்டியில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதனை அளித்தவர் ஜி. என். இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன், 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் கொச்சி சமஸ்தானத்து எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். தாய் இலட்சுமி அம்மாள். தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்த்த பெருஞ்செல்வம் கணிதப் பற்றே ஆகும். எந்தச் சிக்கலையும் முதலில் வடிவமாகவும், பிறகு எண்ணாகவும் கண்டு தெளியும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே அமைந்தது.

பள்ளிக் கல்வியை முடித்த இராமச்சந்திரன், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942ஆம் ஆண்டில் சிறப்பு இளங்கலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் நன்கு படித்த இளைஞர்க்கு அரசுப் பணியே உயர்ந்த இலக்காகக் கருதப்பட்டது. தந்தையின் விருப்பமும் அதுவே. ஆனால், மகனின் மனம் ஆய்வையே நாடியது. அதே ஆண்டில் அவர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார்.

அப்போது அக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்தவர் சர் சி. வி. இராமன். அவர் இளைஞரின் திறத்தை விரைவிலேயே கண்டுகொண்டார். இம்மாணவர் இயற்பியலுக்கே உரியவர் எனத் துணிந்து, அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். மின்பொறியியலுக்கு வந்தவர் இயற்பியலாளர் ஆனது இவ்வாறுதான்.

ஒளியும் படிகமும்

இராமனின் ஆய்வுக்கூடம் அந்நாளில் வைரங்களால் நிறைந்திருந்தது. வைரம் ஏன் ஒளிர்கிறது, ஒரு வைரம் மற்றொன்றிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்னும் வினாக்கள் அங்கே இரவுபகலாக ஆராயப்பட்டன. குறைந்த அலைநீள ஒளியை உட்கொண்டு, அதனினும் நீண்ட அலைநீள ஒளியை உடனே உமிழும் பண்பு உடனொளிர்வு எனப்படும். இப்பண்பை வைரத்திலும் மாணிக்கத்திலும் ஆராய்ந்தவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், படிகங்களைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைத்து, அவற்றின் மங்கிய ஒளியைப் பதினைந்து இருபது மணிநேரம் வரை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார். வெப்பத்தால் நடுங்கும் அணுக்கள் குளிரில் அடங்குவதால், நிறமாலையின் கோடுகள் கூர்மை பெறுகின்றன. நுண்மையைக் காணக் குளிர் துணைசெய்யும் என்னும் உண்மை, அன்றே அந்த ஆய்வுக்கூடத்தில் நடைமுறையாக இருந்தது.

இராமச்சந்திரன் அதே வைரங்களை எக்ஸ் கதிர்கொண்டு ஆராய்ந்தார். படிகத்தின் உள்ளமைப்பில் உள்ள வேறுபாடுகளை ஒரு நிலப்படம்போல் பதிவு செய்யும் முறையைக் கையாண்டார். படிக ஒளியியல், வெப்ப விரிவு ஆகியவற்றிலும் கட்டுரைகள் வெளியிட்டார். 1947ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்துகூட நிறையவில்லை. இதற்கிடையில், 1945ஆம் ஆண்டில் இராஜலட்சுமியை மணந்தார். பின்னாளில் அவர் வாழ்வின் ஏற்ற இறக்கங்கள் அனைத்திலும் உடன்நின்றவர் அவ்வம்மையாரே.

1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, அங்கும் முனைவர் பட்டம் பெற்றார். அக்கூடத்தின் தலைவராக விளங்கியவர், எக்ஸ் கதிர்ப் படிகவியலைத் தோற்றுவித்தவருள் ஒருவரான லாரன்ஸ் பிராக். வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங்கின் கருத்துகளும் அக்காலத்தில் இராமச்சந்திரனை ஈர்த்தன. உயிர்ப்பொருளின் இயக்கத்தை அதன் மூலக்கூறு வடிவத்தால் விளக்கலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

தாயகம் திரும்பிய அவர் பெங்களூரில் துணைப் பேராசிரியராகப் பணியேற்றார். எக்ஸ் கதிர்களைச் சாதாரண வில்லையால் குவிக்க இயலாது. எனவே, அவற்றைச் சாய்வாக எதிரொளித்துக் குவிக்கும் ஆடியைப் பற்றி ஆராய்ந்தார். நுண்மையைக் காணும் கருவியை மேம்படுத்துதல், கருவி தந்த தரவைக் கணிதத்தால் தெளிவாக்குதல் ஆகிய இரண்டும் இறுதிவரை அவரைத் தொடர்ந்த நாட்டங்கள்.

கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், இயற்பியல் துறை ஒன்றைப் புதிதாகத் தொடங்க விழைந்தார். அதன் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு சர் சி. வி. இராமனை வேண்டினார். இராமன் அதனை ஏற்கவில்லை. தமக்கு மாற்றாக இராமச்சந்திரனின் பெயரைப் பரிந்துரைத்தார். ஆசிரியரின் சொல்லை மதித்த துணைவேந்தர், 1952ஆம் ஆண்டில் முப்பதே அகவையான இளைஞரைப் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் அமர்த்தினார்.

பெயர் பெற்ற ஆய்வுக்கூடங்கள் அனைத்தும் மேலைநாடுகளில் இருந்த காலம் அது. கிண்டியில் எல்லாவற்றையும் புதிதாகவே தொடங்க வேண்டியிருந்தது. எக்ஸ் கதிர்க் கருவியைத் தவிரப் பெருஞ்சாதனங்கள் இல்லை. கணினி இல்லை. உலகம் கவனிக்கத்தக்க ஆய்வுப்பொருள் எது என்னும் வினாவே இளம் பேராசிரியரின் முன் நின்றது.

அவ்வேளையில் இங்கிலாந்து அறிஞர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வருகை தந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தீர்வு காணப்படாதிருப்பதையும், அதுவரை முன்மொழியப்பட்ட மாதிரிகள் நிறைவளிக்காமையையும் உரையாடலின்போது அவர் குறிப்பிட்டார். அக்குறிப்பு இராமச்சந்திரனின் உள்ளத்தில் விதையாய் விழுந்தது.

கொலாஜன் நம் உடலுக்கு அந்நியமானதன்று. தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் இழை அதுவே. பாலூட்டிகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதமும் அதுவே. தோலைப் பதனிடுவது என்பதே கொலாஜனைக் கெடாமல் நிலைப்படுத்துவதாகும். நற்பேறாக, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலேயே அமைந்திருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் மாதிரி கிடைத்தது. அதன் இழைகள் மிக ஒழுங்காக அமைந்திருந்தமையால், எக்ஸ் கதிர்ப் படங்கள் தெளிவாகப் பதிந்தன. தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற சென்னை, உயிரியல் புதிருக்கும் திறவுகோல் தந்தது.

மூவிழைச் சுருள்

இப்பணியில் இராமச்சந்திரனுக்குத் துணைநின்றவர் கேரளத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தா. இருவரும் எக்ஸ் கதிர்ப் படத்தின் புள்ளிகளையும், கொலாஜனின் வேதியியல் இயைபையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர்.

கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அது. அதன் பக்கத்தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்றில் ஒன்று என்னும் இவ்விகிதம் தற்செயலானதன்று என இருவரும் உணர்ந்தனர். மூன்று சங்கிலிகள் சேர்ந்து ஓர் இழையாக அமைந்து, ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் நடு அச்சை நோக்கி நிற்குமாயின், நெருக்கடியான அந்நடுவிடத்தில் வேறெந்த அமினோ அமிலத்திற்கும் இடமிராது. இயைபின் புதிர் அமைப்பால் விடுபட்டது.

1954ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவர்களது முதல் மாதிரி, மூன்று சுருள்கள் இணையாக நிற்பதாகக் காட்டியது. ஆயினும், எக்ஸ் கதிர்ப் படத்தின் அளவுகள் அதனுடன் முற்றிலும் பொருந்தவில்லை. ஒரு சுற்றுக்கு மூன்று அமினோ அமிலங்கள் என்பது மாதிரி. மூன்று சுற்றுக்குப் பத்து என்பது படம் காட்டிய அளவு. அவ்வேறுபாட்டைப் புறந்தள்ளாமல் அவர்கள் மேலும் எண்ணினர்.

நிலவு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே புவியையும் சுற்றிவருகிறது. எனினும் எப்போதும் ஒரே முகத்தையே புவிக்குக் காட்டுகிறது. அதுபோலவே, ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் சுருண்டுகொண்டே பொது அச்சையும் சுற்றிவந்தால், கிளைசின்கள் என்றும் உள்நோக்கியே நிற்கும், அளவுகளும் பொருந்தும். கயிறு திரிப்பவர் முறுக்கிய புரிகள் மூன்றை மீண்டும் ஒன்றாக முறுக்குவது போன்றது இவ்வமைப்பு. தனிச்சங்கிலிகள் இடப்புறமாகச் சுருள, அவை மூன்றும் சேர்ந்து வலப்புறமாகச் சுருள்கின்றன. இத்திருத்திய மாதிரி 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. மூன்றாமிடத்துக் கிளைசின் ஒன்று மாறினாலும் எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய் தோன்றக்கூடும் என்பது பின்னாளில் அறியப்பட்டது. ஒரு சிற்றணுவின் இடமே எலும்பின் வலிமையைத் தீர்மானிக்கிறது.

மறுப்பும் மறுமொழியும்

அதே ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜனுக்கு ஒரு மாதிரியை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிச் சுருளும் அடிப்படை அமைப்பு அதிலும் இருந்தது. வேறுபாடு, சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் எழுந்தது. சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு பிணைப்புகள். கிரிக், ரிச் மாதிரியில் ஒன்று. சென்னை மாதிரியில் சில அணுக்கள் இயல்பினும் மிகையாக நெருங்கி நிற்கின்றன என்றும், அத்தகைய நெருக்கம் ஏற்கத்தக்கதன்று என்றும் அவர்கள் மறுத்தனர்.

டி.என்.ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்த புகழோடு விளங்கியவர் கிரிக். எதிரே நின்றதோ மூன்றாண்டே நிரம்பிய ஓர் ஆய்வுக்கூடம். மறுப்புக்கு மறுப்பு எழுதிச் சினந்து ஒதுங்கியிருக்கலாம். பணிந்து அமைதியாகியும் இருக்கலாம். இராமச்சந்திரன் இவ்விரண்டையும் செய்யவில்லை. மறுப்பின் உள்ளே பொதிந்திருந்த வினாவை எடுத்துக்கொண்டார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? எவ்வளவுக்கு மேல் நெருங்கக் கூடாது? அவ்வெல்லையை உறுதியாக வரையறுத்தவர் எவரேனும் உண்டா?

தேடியபோது, தெளிவான விடை எங்கும் இல்லை. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பது பிற்கால ஆய்வுகளில் ஏற்கப்பட்டது. இரண்டாவது பிணைப்பு நீர் மூலக்கூறு ஒன்றின் வழியாக அமையலாம் என இராமச்சந்திரனும் பின்னர்த் தம் மாதிரியைத் திருத்தினார். ஆனால், பிணைப்பின் எண்ணிக்கையைக் குறித்து எழுந்த அச்சிறு விவாதம், அதனினும் பன்மடங்கு பெரிய கண்டுபிடிப்புக்கு வழிதிறந்தது.

வரைபடத்தின் பிறப்பு

இராமச்சந்திரன் தம் மாணவர்களான வே. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் பணியைத் தொடங்கினார். அமினோ அமிலங்கள், சிறிய பெப்டைடுகள் ஆகியவற்றின் அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் திரட்டி, பிணைப்பில்லாத அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவுகளைத் தொகுத்தனர். ஒவ்வோர் அணு இணைக்கும் இயல்பான எல்லை ஒன்றும், இறுதி எல்லை ஒன்றும் வகுத்தனர். சான்றாக, இரு கார்பன் அணுக்களுக்கு இயல்பான எல்லை 0.32 நானோமீட்டர்; இறுதி எல்லை 0.30 நானோமீட்டர்.

அடுத்த படி வடிவியலைச் சார்ந்தது. புரதச் சங்கிலியில் இரு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு அலகு, ஏறத்தாழத் தட்டையான பலகை போன்றது. பலகைகள் அடுத்தடுத்துக் கார்பன் அணுக்களாகிய கீல்களால் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கீலிலும் இரண்டு சுழற்சிகளே இயலும். அவ்விரு கோணங்கள் ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. எனவே, ஆயிரக்கணக்கான அணுக்களைக் கொண்ட புரதமாயினும், அதன் முதுகெலும்பின் வடிவம் கீல்தோறும் இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது.

ஒரு கோணத்தைக் கிடை அச்சிலும் மற்றொன்றை நெடுக்கு அச்சிலும் குறித்தால், ஒரு சதுரம் கிடைக்கும். சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாத்திய வடிவம். ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கணக்கிட்டு, எல்லை மீறப்பட்டால் அப்புள்ளியை விலக்க வேண்டும். கணினி இல்லாத நிலையில், மேசைக் கணிப்பொறியின் துணைகொண்டு இக்கணக்குகளைப் பொறுமையுடன் செய்து முடித்தனர்.

விடை வியப்பளித்தது. கிளைசின் அல்லாத அமினோ அமிலங்களுக்குச் சதுரத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாயிற்று. இறுதி எல்லையைக் கொண்டு கணக்கிட்டாலும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே எஞ்சியது. ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு முதலிய அறியப்பட்ட வடிவங்கள் யாவும் அச்சிறு தீவுகளுக்குள்ளேயே விழுந்தன. பக்கத்தொகுதியில் கார்பன் இல்லாத கிளைசினுக்கு மட்டும் அகன்ற நிலம் கிடைத்தது. இக்கட்டுரை 1963ஆம் ஆண்டில் 'மூலக்கூறு உயிரியல் இதழ்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. உலகம் அதற்கு இராமச்சந்திரன் வரைபடம் எனப் பெயரிட்டது. கொலாஜன் மீதான மறுப்பு, புரதங்கள் அனைத்திற்கும் உரிய அளவுகோலாக மலர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

கதவின் கீல் முழுவட்டமாகச் சுழல இயலும் எனினும், அருகிலுள்ள சுவரும் நிலைப்பேழையும் அதனைத் தடுக்கின்றன. கதவு திறக்கக்கூடிய கோணங்களை மட்டும் தாளில் நிழலிட்டுக் காட்டினால், அதுவே அறையின் அமைப்பை உணர்த்திவிடும். இராமச்சந்திரன் வரைபடம் புரதத்தின் கீல்களுக்கு அவ்வாறு வரையப்பட்ட படமாகும்.

நிழல்களிலிருந்து வடிவம்

1963, 1967 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் பன்னாட்டு அறிஞர்கள் கூடிய கருத்தரங்குகளை இராமச்சந்திரன் நடத்தினார். உயிர்மூலக்கூறு ஆய்வின் உலகப்படத்தில் சென்னையும் இடம்பெற்றது. 1961ஆம் ஆண்டில் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

ஏறத்தாழ இருபதாண்டுகள் சென்னையில் பணியாற்றியபின், அவர் மீண்டும் பெங்களூருக்குச் சென்று, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் அவர் கருத்தை ஈர்த்தது மற்றொரு சிக்கல். எலக்ட்ரான் நுண்ணோக்கியும் எக்ஸ் கதிர்ப் படமும் ஒரு பொருளின் நிழலை மட்டுமே தருகின்றன. பல கோணங்களில் எடுத்த நிழல்களைக்கொண்டு பொருளின் முப்பரிமாண வடிவத்தை மீட்பது எப்படி?

நிழல்களை வந்த வழியே திரும்பப் பரப்பிக் கூட்டினால் வடிவம் கிடைக்கும். ஆனால் அது மங்கலாக இருக்கும். அம்மங்கலை நீக்க ஃபூரியர் உருமாற்றம் என்னும் நீண்ட கணக்கு தேவைப்பட்டது. இராமச்சந்திரனும் அவர் உடனாய்வாளர் ஏ. வி. லட்சுமிநாராயணனும் வேறொரு வழி கண்டனர். ஒவ்வொரு நிழலையும் முதலில் தக்கதொரு கணித வடிகட்டியால் கூர்மையாக்கி, அதன்பின் திரும்பப் பரப்பினால் போதும். தெளிந்த உருவம் விரைவில் கிட்டும். இம்முறை 1971ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. வானொலி வானியலுக்காக பிரேஸ்வெல், ரிடில் என்போர் 1967ஆம் ஆண்டில் இதனையொத்த வழியைக் கண்டிருந்தனர். எனினும், நுண்ணோக்கிப் படங்களுக்கும் ஊடுகதிர்ப் படங்களுக்கும் இதனைக் கொண்டுவந்தவர் இராமச்சந்திரனே. அவ்வடிகட்டி இன்றும் இருவர் பெயரின் முதற்பகுதிகளைச் சேர்த்து 'ராம்-லாக்' என வழங்குகிறது.

மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேன் கருவிகளில் இம்முறை நெடுங்காலம் அடிப்படையாக விளங்கியது. நோயாளியின் உடலைக் கீறாமல் உட்புறம் காணும் அதே கணிதம், தொழிற்கூடத்திலும் பயன்படுகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையை ஒட்டிய திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியில் இன்று மோட்டார் வாகனங்களும் மின்னணுச் சாதனங்களும் உருவாகின்றன. அத்தகைய தொழில்களில் ஓர் உலோக வார்ப்பின் உள்ளே குமிழியோ விரிசலோ உண்டா என அறுக்காமலே அறிவதற்கும் ஊடுகதிர்ப் படங்களின் இம்மீட்டுருவாக்கமே துணைபுரிகிறது.

கடுங்குளிரில் ஒளிரும் ஆய்வு

ஒளி நுண்ணோக்கிக்கு இயற்கை விதித்த எல்லை ஒன்று உண்டு. ஒளியின் விளிம்பு விளைவு காரணமாக, ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருங்கிய இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும். ஒளிரும் மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல், ஒவ்வொன்றாக ஒளிரச் செய்து, ஒவ்வோர் ஒளிப்பொட்டின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் அவ்வெல்லையைக் கடக்கலாம். மீநுண் பகுதிறன் கொண்ட இத்தகைய உடனொளிர்வு நுண்ணோக்கி முறைகளுக்காக 2014ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே மீண்டும் குளிர் துணைக்கு வருகிறது. ஒளிரும் சாயமூலக்கூறு சிறிது நேரத்தில் வேதிவினைகளால் வெளிறிப் போகிறது. திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில் அவ்வினைகள் தளர்கின்றன. மூலக்கூறு மிகப்பல ஒளித்துகள்களை உமிழ்கிறது. ஒளித்துகள்கள் நூறு மடங்கானால் நடுப்புள்ளியைக் கணிப்பதில் நேரும் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும். மேலும், நீர் பனிப்படிகமாக மாற நேரமின்றி மிக விரைவாக உறைந்து கண்ணாடிபோல் ஆவதால், செல்லின் அமைப்பும் சிதையாமல் நிற்கிறது.

இடர்களும் பல உள்ளன. வில்லைக்கும் மாதிரிக்கும் இடையே எண்ணெய் இட்டுப் பகுதிறனைக் கூட்டும் வழக்கமான உத்தி அக்குளிரில் எளிதில் கைகொடாது. குளிர்ந்த மேடை மெல்ல நகர்ந்தால் படம் குலையும். லேசர் ஒளி மிகுந்தால் மாதிரி சூடேறி, கண்ணாடி நிலைப் பனி படிகமாகிவிடும். சாயங்கள் அணைந்து ஒளிரும் வேகமும் குளிரில் மாறுபடும். இவ்விடர்களைக் களைவதே இன்றைய ஆய்வாளரின் முயற்சி. தேடும் மூலக்கூறு எங்கே உள்ளது என்பதை உடனொளிர்வு காட்ட, அதன் வடிவம் யாது என்பதை உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுகிறது. பின்னைய முறைக்கு 2017ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விரு கண்களும் கண்டதைச் சரிபார்க்கும் இடத்தில் இராமச்சந்திரன் நிற்கிறார். உறைந்த செல்லைச் சாய்த்துச் சாய்த்து எடுத்த எலக்ட்ரான் படங்களை முப்பரிமாண உருவாக்கும்போது, வடிகட்டித் திரும்பப் பரப்பும் முறை பயன்படுகிறது. அவ்வுருவத்தில் புரதத்தின் அணுக்களைப் பொருத்தியபின், ஒவ்வொரு கீலின் இரு கோணங்களும் அவர் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. விலக்கப்பட்ட நிலத்தில் புள்ளிகள் மிகுதியாக விழுந்தால், பிழை எங்கோ உள்ளது என்பது தெளிவு. உலகப் புரதத் தரவு வங்கி வெளியிடும் தர அறிக்கைகளிலும் இவ்வாய்வு இடம்பெறுகிறது. கருவி எத்துணை விலைமதிப்புடையதாயினும், அணுக்கள் ஒன்றையொன்று ஊடுருவுமாறு காட்டும் படத்தை இயற்கை ஏற்பதில்லை.

இறுதிக்காலம்

1977ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் இராமச்சந்திரனை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆய்வுக்கு அப்பால் கருநாடக இசையிலும் இந்தியத் தத்துவத்திலும் அவர் ஈடுபாடு கொண்டிருந்தார். இந்தியத் தருக்க மரபை நவீன கணிதத்தின் வழியே வகைப்படுத்தவும் முயன்றார்.

பிற்காலம் எளிதாக அமையவில்லை. நடுக்குவாதம் உடலைத் தளரச் செய்தது. 1998ஆம் ஆண்டில் வாழ்க்கைத் துணைவியார் மறைந்தமை உள்ளத்தைத் தளரச் செய்தது. 1999ஆம் ஆண்டில் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் தன் உயரிய எவால்டு பரிசை அவருக்கு வழங்கியது. நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார்.

பெருங்கருவிகள் இல்லாமை அவரைத் தடுக்கவில்லை. புகழ்மிக்கவரின் மறுப்பும் அவரைத் தளர்த்தவில்லை. தம் மாதிரியில் குறை கூறப்பட்டபோது, குறையை அளக்கும் கோலையே அவர் செய்து தந்தார். புதிய புரதம் ஒன்றின் வடிவத்தை உலகின் எம்மூலையில் எவர் கண்டறிந்தாலும், அதனை வெளியிடும் முன் கிண்டியில் வரையப்பட்ட அச்சதுரத்தில் வைத்துப் பார்க்கிறார்.